நூறு கேமராவுக்கு எத்தனை ஹார்ட் டிஸ்க்?

பெரிய வளாகங்களில் இரவும் பகலும் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகளைச் சேமிக்கும் சர்வரை எப்படித் திட்டமிடுகிறார்கள்? முதலில் கணக்குப் போடுவோம்.

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43.2 ஜிகாபைட் சேரும். 100 கேமராக்கள் என்றால் 4.32 டெராபைட். 30 நாள் பதிவை வைத்திருக்க ஏறக்குறைய 130 டெராபைட் வேண்டும். 12 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகள் 12 இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஓயாமல் எழுதும் டிஸ்க்குகளில் ஒன்று என்றாவது பழுதாகத்தான் செய்யும்.

எனவே ரெய்ட் 6 முறையில் கூடுதலாக 2 டிஸ்க்குகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு பழுதானாலும் பதிவுகள் அழியாது. ரெய்ட் 5 முறை ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும். புது டிஸ்க்கை மாட்டிய பின், இழந்த தகவல்களை அதில் மீண்டும் எழுத, நொடிக்கு 200 மெகாபைட் வேகத்திலும் 16 மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இன்னொன்றும் போய்விட்டால்?

சர்வரே நின்றுவிட்டால் ரெய்ட் உதவாது. மாற்று சர்வர், இரண்டு பவர் சப்ளை, யு.பி.எஸ். ஆகியவையும் தேவை. கேமராவிலேயே மெமரி கார்டு இருந்தால் சர்வர் நின்ற நேரத்துப் பதிவும் தப்பும்.

உங்கள் வீட்டில் 4 கேமராக்களா? இதே கணக்கில் 1 டெராபைட் டிஸ்க் 6 நாட்களுக்குள் நிரம்பிவிடும். பிறகு பழைய பதிவுகள் மேல் புதியவை எழுதப்படும். முக்கியமான காட்சியை உடனே வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள்.