பவளத்துக்கு உடம்பு சரியில்லை!

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மேனேஜருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆபீஸே கலகலப்பாக இருக்கும். ஆனால், பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்றால்..?

சத்தம் போடாது. சுருங்கும், நிறம் மாறும்... அவ்வளவுதான்! அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் பக்கமெல்லாம் வீட்டு ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் ஒரு குட்டிக் கடலையே குடிவைத்திருக்கும் ஆசாமிகள் நிறையப் பேர். 'இது செத்துப்போச்சா, பொழைக்குமா?' என்பதுதான் அவர்களது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் பதிக்கிறோமே, அந்தச் சிவப்புப் பவளத்துக்கு இது தூரத்து உறவு. கல் மாதிரி இருக்கும். செடி மாதிரி கிளை விடும். ஆனால், பிராணி! 'பாலிப்' என்கிற குட்டிக் குட்டி ஜீவன்கள் சுண்ணாம்பில் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டு கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. அவற்றின் சதைக்குள், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாடகைக்கு இருக்கின்றன. வாடகையும் தாராளம்... வெளிச்சத்தில் சமைத்து, பவளத்தின் சாப்பாட்டுத் தேவையில் 90 சதவிகிதம் வரைகூடக் கொடுத்துவிடும்.

தண்ணீர் சூடானாலோ, வெளிச்சம் திடீரென்று கூடினாலோ வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு. பவளம், பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பார்க்கிறவர்கள், 'போச்சுடா!' என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். அவசரப்படக் கூடாது சார்... வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை. பட்டினி கிடக்கிறது!

எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எலும்பின் மேல் கண்ணாடி மாதிரி சதை தெரிகிறதா, பாலிப்கள் கையை நீட்டுகின்றனவா... உயிர் இருக்கிறது. வெறும் எலும்பாகி, மேலே பச்சையாகப் பாசி படர்ந்துவிட்டால் அந்த இடம் முடிந்த கதை.

வெளுக்காமல் பழுப்பாகிக்கொண்டே போனால், பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை, அல்லது தண்ணீரில் மீன் கழிவு அதிகம். ஒரு பக்கம் மட்டும் கருகினால், பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படலாம். சில பவளங்கள் ராத்திரியில் நீளமான கொடுக்கை வீசி அடுத்தவரைக் கொட்டும்!

சதை அடியிலிருந்து உரிந்துகொண்டே மேலே ஏறினால் அது எமர்ஜென்சி. சில மணி நேரத்தில் ஆளையே முடித்துவிடும் கேஸ்களும் உண்டு. நல்ல நுனியை மட்டும் வெட்டி எடுத்து வேறு கல்லில் ஒட்டவைப்பதுதான் வழி. எதை வைத்து? உடைந்த பொம்மையை ஒட்டுகிறோமே, அதே சூப்பர் க்ளூ!

இன்னொரு ரகம், 'தோல் பவளம்'. நாலைந்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிடக்கும். பிறகு மெழுகு மாதிரி ஒரு தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புது மாப்பிள்ளையாக நிற்கும். நோயே இல்லை. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினால்தான் வம்பு!

வைத்தியம்தான் வியாதி

தொட்டியில் பவளங்களைச் சாகடிப்பதில் அவசர வைத்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காலையில் விளக்கை மாற்றுவது, மத்தியானம் மருந்து, சாயங்காலம் இடம் மாற்றம்... டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த குமாஸ்தா மாதிரி அது நொந்துபோகும். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். வெப்பம் 25-லிருந்து 27 டிகிரி, உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம், கால்சியம் லிட்டருக்கு 400-லிருந்து 450 மில்லிகிராம். இதில் எது தவறியிருக்கிறதோ அதை மட்டும், மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே இருக்கும். எனவே, வற்றின அளவுக்கு ஊற்ற வேண்டியது சுத்தமான நல்ல தண்ணீர்தான்.

வெளுத்துப்போன நோயாளியைக் கீழே, வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். ராத்திரியில் பொடி இறால் குஞ்சு கொஞ்சம் ஊட்டலாம். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கை சும்மா இருக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பட்டன் மாதிரி இருக்கும் 'ஸோவாந்திட்' வகைகள் சிலவற்றில் கடும் விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அவை ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டால், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

'நானும் ஒரு தொட்டி வாங்கட்டுமா?' என்று கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை. வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டினார்கள். அதில் தடுப்பு போய், இரண்டு தீவுகள் கடலுக்குள் முங்கிவிட்டன. மிச்சம் இருந்த பவளங்கள் 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் வெளுத்தன. தூத்துக்குடி கடல் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் அதே தொட்டி வைத்தியம்தான். நல்ல நுனியாக எடுத்து, சிமென்ட் பலகையில் கட்டி, கடலுக்கடியில் நட்டு, பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

தொட்டி சூடானால் ஹீட்டரை அணைக்க சுவிட்ச் உண்டு. கடலுக்கு அது கிடையாது. ஆகவே, அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது ஷோகேஸுக்கு அழகாக இருக்கிறதே என்று கரையில் கிடக்கும் வெள்ளைத் துண்டைப் பைக்குள் போடாதீர்கள். செத்த பவளத்துக்கும் சட்டம் உண்டு!