மனை வாங்கப் போனேன்... 1892 குறுக்கே வந்தது!

பட்டாபிராமுக்கு அந்தாண்டை ஒரு மனை. முக்கால் கிரவுண்டு. "ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா பத்தே நிமிஷம் சார்" என்றார் புரோக்கர். (அவர் பைக்கில் நடப்பவர் போல!) வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்குப் பளிச்சென்று இருந்தது. பி.காம். படித்தவனாச்சே... பேப்பரில் எல்லாம் டாலி ஆனால் மனசு குளிர்ந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பும்போது பழைய ஆபீஸ் சீனியர் போனில் கேட்டார்: "தம்பி, அது டி.சி. நிலமான்னு பார்த்தியா?"

டி.சி. என்றால் 'டிப்ரஸ்டு கிளாஸ்'. நம்மூர் வழக்கில் பஞ்சமி நிலம். இந்த வில்லங்கத்துக்கு வயசு நூற்றி முப்பதுக்கு மேல். முப்பது வருஷச் சான்றிதழில் எப்படித் தெரியும்?

1891ல் செங்கல்பட்டு ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டராக இருந்தவர் திரமென்ஹீர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அப்போது அந்த ஜில்லாதான். சேரி ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று மனுஷர் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு அவர்கள் மனுப் போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கு. குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாயைத் திறந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு நட! 'இவர்களுக்கென்று சொந்தமாக நிலம் கொடுங்கள்' என்றார் திரமென்ஹீர்.

வெள்ளைக்கார சர்க்கார் 1892 செப்டம்பர் 30ல் உத்தரவு போட்டது. அரசாணை எண் 1010. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொடுக்கும்போதே பூட்டும் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அடமானம் கூடாது, குத்தகை கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டு நல்ல பூட்டுதான். சாவி யார் கையில் என்பதுதானே விஷயம்! கல்யாணம், வைத்தியம், பஞ்சம்... கைநாட்டு வைத்துக் கடன் வாங்கினார்கள். யாரிடம் கூலிக்கு நின்றார்களோ, அவர்களிடமே நிலமும் போய்ச் சேர்ந்தது. பத்திரம் பதிகிற இடத்தில் 'நிபந்தனை என்னாச்சு?' என்று கேட்க ஆளில்லை.

இதே கூத்து கனடாவிலும் நடந்திருக்கிறது. அங்கே அனிஷினாபே போன்ற பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தை வெளியாள் நேரடியாக வாங்க முடியாது. கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, அரசுக்குத்தான் ஒப்படைக்கலாம். அதுவும் பூட்டுதான். 1907ல் மானிடோபாவில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற ஊரில் அப்படி ஓட்டெடுத்தார்கள். ஒப்படைக்கச் சம்மதித்தால் ஆளுக்கு 90 டாலர் என்று ஆசை காட்டினார்கள். சம்மதம் 107, எதிர்ப்பு 98. ஒன்பதே ஓட்டில் ஊரே போச்சு! ஜனங்கள் வடக்கே வெகுதூரம் குடிபெயர்ந்தார்கள். நூறு வருஷம் கழித்து, அந்த ஒப்படைப்புக்காக 12.6 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க கனடா அரசு ஒப்புக்கொண்டது.

நம்மூரில்? 1994ல் செங்கல்பட்டுப் பக்கம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். அக்டோபர் 10ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் இறந்தார்கள். 2019ல் 'அசுரன்' படம் வந்தபோது தியேட்டரில் விசிலடித்த நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் வந்தது? எனக்கு வரவில்லை. நான் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தேன்.

சரி, மனைக்கு வருவோம். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நடுவில் பத்துக் கை மாறியிருந்தாலும் கதை அதேதான். மனை வாங்கப் போகிற அன்பர்கள் சர்வே நம்பரை எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசில் பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். இப்போது ஆன்லைனில் தெரிவதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பட்டா புதுசாக மாறும்போது பழைய நிபந்தனை பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது.

நானும் போனேன். மூன்றாவது நடையில் அந்தப் பழுப்பேறிய பக்கத்தைக் காட்டினார்கள். என் சர்வே நம்பருக்கு நேரே, 'டி.சி.' என்று இரண்டே எழுத்து.

புரோக்கரிடம் சொன்னேன். "அட, அந்த லைன்ல நாப்பது வீடு வந்தாச்சு சார். யார் கேக்கறா?" என்றார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் டீ குடிக்கும்போது, பதிவேட்டை எடுத்துக் கொடுத்த ஊழியரிடம் இதையே கேட்டேன். "இந்தப் புஸ்தகத்தை நிறையப் பேர் வந்து பார்ப்பாங்களா சார்?"

"வாங்கறவங்க யாரும் வர்றதில்ல தம்பி. நிலத்தை விட்டவங்க பேரப் பசங்கதான் மனுவோட வர்றாங்க."