குழிக்குள் இறங்கும் இயந்திரக் கை

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் காலுக்குக் கீழே கழிவுநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அத்தகைய பாதாளக் குழிகளில் மனிதருக்குப் பதிலாக இறங்க, ‘பேண்டிகூட்’ இயந்திரத்தை உருவாக்கியது இதே நகரின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம்.

2015இல் கோழிக்கோட்டில் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சாவுகள் இளம் பொறியாளர்கள் சிலரை உலுக்கின. அவர்கள் உருவாக்கிய பேண்டிகூட் 2018இல் வந்தது.

குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடியது. கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. மூக்கை நம்ப முடியாத அந்த இடத்தில் பேண்டிகூட்டின் உணரிகள் வாயுவைக் கண்டு சொல்கின்றன. இருட்டிலும் பார்க்கும் கேமராவின் படத்தைத் திரையில் கவனித்தபடி, மேலே நிற்பவர் இயந்திரக் கையால் சேற்றை அள்ளுகிறார். அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்களில், முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களும் உண்டு.