சி.ஆர்.பி. 75ஐத் தாண்டினால்

மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் கொழும்பு வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எஃப்.பி.சி. எடுத்தாச்சோ?" என்பதுதான். 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேரை டெங்கு பிடித்தது. அந்த முழுக் குருதி எண்ணிக்கை ரிப்போட்டில் குருதிச் சிறுதட்டு எந்த வரியில் இருக்கும் என்பது வெள்ளவத்தை அம்மம்மாமாருக்கும் அத்துப்படி.

கொவிட் வந்ததும் அந்த ரிப்போட்டோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: சி.ஆர்.பி. என்ற சி-ரியாக்டிவ் புரதம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவ, கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் ஊரடங்கில் முடங்கின. அடுத்த ஓகஸ்ட்டில் டெல்டா அலை. ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்த நாட்களும் உண்டு. வைத்தியசாலைகள் நிரம்பி வழிய, நோய் கடுமையாகாதவர்களை வீட்டிலேயே வைத்து, 1390 என்ற தொலைபேசி இலக்கத்தின் வழியாகக் கவனிக்கும் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. யாரை வீட்டில் விடலாம், யாரை இப்போதே அம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்? இதற்கு இரத்தம் ஓரளவு பதில் வைத்திருந்தது.

சி.ஆர்.பி.யும் நியூமோனியாவும் பழைய கூட்டாளிகள். 1930இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் நிலைய வைத்தியசாலையில் வில்லியம் டிலெட், தோமஸ் பிரான்சிஸ் இருவரும் இந்தப் புரதத்தைக் கண்டதே நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில்தான். நோய் உச்சத்தில் இருக்கும்போது அது தென்பட்டது; நோயாளி தேறியதும் மறைந்துவிட்டது. நோயின் போக்கைக் காட்டும் குணம் முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கிறது.

இதைச் சுரப்பது நுரையீரல் அல்ல, ஈரல். நுரையீரலில் அழற்சி மூண்டதும் அங்கிருந்து இன்டர்லூகின்-6 என்ற சைகைப் புரதம் இரத்தத்தில் கலக்கும். அது ஈரலை எட்டிய சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். சாதாரணமாக ஒரு லீற்றர் இரத்தத்தில் 5 மில்லிகிராமுக்குள் இருப்பது 100, 200 என்று எகிறும். சுரப்பு நின்றால், இருப்பதில் பாதி 19 மணி நேரத்தில் கரைந்துபோகும். ஆகவே ஒரு நாள் கணக்கைக் கண்டு கலங்குவதைவிட நேற்று 40, இன்று 110 என்ற ஏற்றத்தைக் கவனிப்பதே உபயோகமானது. கொவிட்டில் இந்த ஏற்றம் பெரும்பாலும் முதல் வாரத்தின் முடிவில்தான் வரும். காய்ச்சல் தணிந்தது என்று வீட்டார் மூச்சுவிடும் நேரம் அது.

பழைய எஃப்.பி.சி.யிலும் ஒரு துப்பு கிடக்கிறது. டெங்குப் பழக்கத்தில் எல்லாரும் சிறுதட்டுக்கே ஓடுகிறோம். வைரஸ் நியூமோனியாவில் பார்க்க வேண்டியது வெண்குழிய வரிகளை. நியூட்ரோபில் 80 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம் என்றால் விகிதம் 8. சுகதேகிக்கு இது சாதாரணமாக 3க்குள் இருக்கும். கூடுதல் செலவில்லாத கணக்கு! இரத்தக் கட்டியின் தடயமான டி-டைமரும் ஒரு முன்னறிவிப்புத்தான். 2020 மார்ச்சில் 'லான்செட்' இதழில் வெளியான, வூஹான் நோயாளர் 191 பேரைப் பற்றிய ஆய்வு, அனுமதிக்கப்படும்போதே டி-டைமர் கூடியிருந்தவர்களிடையே மரண ஆபத்தும் கூடுதல் என்று காட்டியது.

ஆபத்தை அறிந்து என்ன செய்வது என்பதற்கு 2021இல் பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வு தெளிவான விடை தந்தது. ஒட்சிசன் அளவு குறைந்து, சி.ஆர்.பி.யும் 75ஐ எட்டிய 4,116 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 35 சதவீதத்தினர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இன்டர்லூகின்-6இன் வழியை அடைக்கும் டொசிலிசுமாப் மருந்தையும் பெற்றோரில் 31 சதவீதம். அதுவரை எச்சரிக்கை மணியாக மட்டும் இருந்த எண், யாருக்கு மருந்து என்று தீர்மானிக்கும் எண்ணாகியது.

ஆனாலும் அதற்குத் தனி அரசாட்சி கிடையாது. பிரித்தானிய வைத்தியர்கள் உருவாக்கிய '4சி' மரண ஆபத்துக் கணிப்பில் மொத்தம் 21 புள்ளிகள். 80 வயதைக் கடந்தவருக்கு வயதுக்கு மட்டுமே 7, சி.ஆர்.பி. எவ்வளவு ஏறினாலும் 2தான். சுவாச வேகம், ஒட்சிசன், யூரியா, நினைவுத் தெளிவு, வேறு நோய்கள் எல்லாம் கணக்கில் சேரும். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் 90ஐக் காட்டும்போது சி.ஆர்.பி. ரிப்போட் வரட்டும் என்று காத்திருப்பது மடமை.

சி.ஆர்.பி. ஏமாற்றும் இடமும் உண்டு. டொசிலிசுமாப் ஏற்றிய பின் ஈரலுக்குச் சைகை போகாது, சி.ஆர்.பி. மளமளவென்று விழும். புதிதாக ஒரு பக்டீரியாத் தொற்று உள்ளே புகுந்திருந்தாலும் ரிப்போட் நல்ல பிள்ளையாகவே இருக்கும். அலகையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்குப் பதில் டெசிலீற்றரில் எழுதும். அங்கே 7.5 என்று அச்சாகியிருப்பது, இங்கே பேசிய அதே 75.