பாத்திரம் அறிந்து உணவு இடுவோம்

மண்சட்டி, பித்தளைக் குடம், பீங்கான் மங்கு, வாழையிலை ஆகியவையே ஒரு காலத்தில் தோட்டப்புற இல்லங்களில் உணவுக்கும் நீருக்கும் உரிய கலங்களாக விளங்கின. இன்று அவற்றுள் பலவற்றின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் பால் வெட்டச் செல்வோர் கொண்டுசெல்லும் நீர், ஒட்டுக்கடையில் கட்டித் தரும் தேநீர், கடையிலிருந்து வாங்கிவரும் சமையல் எண்ணெய், குழந்தைக்குப் புகட்டும் பால் ஆகிய யாவும் பிளாஸ்டிக்கில்தான் நம்மை வந்தடைகின்றன. பிளாஸ்டிக் விலை மலிவானது, எடை குறைந்தது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது. இவை மறுக்க முடியாத நன்மைகள்.

ஆயினும், உணவைத் தாங்கும் கலம் அதனைத் தாங்குவதோடு நின்றுவிடுவதில்லை. கலத்தில் உள்ள இரசாயனப் பொருள்களில் ஒரு சிறு பகுதி உணவுக்குள் இறங்குகிறது. இதனை அறிவியலார் இரசாயன இடப்பெயர்வு என்பர். கண்ணுக்குத் தெரியாமலும், பெரும்பாலும் நாவுக்குப் புலப்படாமலும் நிகழும் இச்செயலைப் பற்றி நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ரப்பரும் பிளாஸ்டிக்கும்

பால்மரத்தோடு பழகிய நமக்குப் பிளாஸ்டிக்கின் தன்மையைப் புரிந்துகொள்வது கடினமன்று. மரத்திலிருந்து வடியும் பாலில் உள்ள ரப்பர், ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். பிளாஸ்டிக்கும் இத்தகைய சங்கிலியே. மரம் செய்யும் வேலையை இங்கே ஆலை செய்கிறது. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் சிறு மூலக்கூறுகளே பெரும்பாலும் அதற்கு மூலப்பொருள்.

நாம் உற்பத்தி செய்யும் ரப்பர் அப்படியே வாகனச் சக்கரமாகிவிடுவதில்லை. கந்தகம், கரித்தூள் முதலிய பல பொருள்கள் அதனுடன் சேர்க்கப்படுகின்றன. அவ்வாறே பிளாஸ்டிக்கிலும் மென்மைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, வெயிலைத் தாங்க ஒன்று எனத் துணைப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நீண்ட சங்கிலி எளிதில் கலத்தை விட்டு வெளியேறாது. வெளியேறக்கூடியவை, சங்கிலியில் கோக்கப்படாமல் எஞ்சிய சிறு மூலக்கூறுகளும் இத்துணைப் பொருள்களும் ஆகும். சில வகைப் பிளாஸ்டிக்கில் கடும் சூட்டினால் சங்கிலியே சிறிது சிறிதாக அறுந்து, அதன் துண்டுகளும் உணவில் கலப்பதுண்டு.

நான்கு காரணங்கள்

இந்த இடப்பெயர்வை மிகுதியாக்குபவை நான்கு: சூடு, எண்ணெய், புளிப்பு, காலம்.

சூடு ஏற ஏற மூலக்கூறுகளின் ஓட்டம் விரைவுபடுகிறது. ஆறிய நீர் பல நாள்களில் செய்யாததைக் கொதிக்கும் தேநீர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடும். பிளாஸ்டிக்கில் உள்ள பொருள்கள் பல நீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. ஆதலின் எண்ணெய் மிதக்கும் கறியும் சம்பலும் வெறும் நீரைவிட மிகுதியாக அவற்றை ஈர்த்துக்கொள்கின்றன. புளி, எலுமிச்சை, வினிகர் கலந்த உணவுகள் சில வகைக் கலங்களின் மேற்பரப்பைத் தாக்குகின்றன. நான்காவதாகிய காலத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வைத்த உணவைவிட ஒரு மாதம் வைத்த ஊறுகாயில் இறங்கியிருக்கும் பொருள் மிகுதியாகவே இருக்கும்.

ஆய்வுக்கூடங்களில் உணவுக் கலங்களைச் சோதிக்கும் முறையும் இதனையே காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, நூற்றுக்கு 3 பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த நீர், தாவர எண்ணெய் போன்றவற்றைக் கலத்தோடு சேர்த்து, குறித்த வெப்பத்தில் குறித்த காலம் வைத்திருந்து, இறங்கிய பொருளை அளக்கின்றனர். மொத்தமாக இறங்கும் பொருள், ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு, அதாவது ஏறத்தாழ உள்ளங்கை அளவான பரப்புக்கு, 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அங்குள்ள வரம்பு.

உடலுக்கு என்ன கேடு?

இத்துறையில் முதல் எச்சரிக்கையைத் தந்தவர்கள் தொழிலாளர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக், வினைல் குளோரைடு என்ற வாயுவிலிருந்து செய்யப்படுகிறது. 1974ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பி.வி.சி. ஆலைத் தொழிலாளர் சிலர் ஈரலில் தோன்றும் மிக அரிதான புற்றுநோய்க்குப் பலியானது தெரியவந்தது. வினைல் குளோரைடே காரணம் என்பது உறுதியாயிற்று. அதன் பின்னரே, உணவுக் கலங்களில் எஞ்சி நிற்கும் இவ்வாயுவின் அளவுக்கும் பல நாடுகள் கடும் வரம்பு விதித்தன.

மென்மையான பி.வி.சி.யில் தாலேட்டு என்னும் மென்மையூட்டிகள் சேர்க்கப்படுவதுண்டு. இவை சங்கிலியோடு பிணைக்கப்படாதவை. எனவே எண்ணெய்ப் பசையுள்ள உணவுக்கு எளிதில் இடம்பெயர்பவை. இவற்றுள் சில, விலங்குகளிடம் செய்த சோதனைகளில் ஆண் இன உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதித்துள்ளன.

பிஸ்பினால் ஏ என்பது மற்றொன்று. கண்ணாடிபோல் தெளிவாகவும் கடினமாகவும் இருக்கும் பாலிகார்பனேட்டைச் செய்யவும், தகர டின்களின் உட்பூச்சைச் செய்யவும் இது பயன்பட்டு வந்துள்ளது. பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைப்போல் இது செயற்படவல்லது என்பதை, பிரிட்டிஷ் அறிஞர் சார்ல்ஸ் டாட்ஸ் 1936ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். 2023ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க இதன் அளவைத் தான் முன்னர் கூறியதைவிட 20,000 மடங்கு குறைத்தது. அவ்வளவு குறைக்க வேண்டுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு இறுதியில், உணவோடு தொடர்புறும் கலங்களில் இதனைத் தடை செய்ய முடிவெடுத்தது.

உணவு கட்டித் தரும் வெண்ணிற நுரைப் பெட்டிகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. இவற்றின் மூலப்பொருளாகிய ஸ்டைரீன், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயத்திற்கு வலுவான இடந்தரும் பொருள்களின் வரிசையில் 2018ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவையால் சேர்க்கப்பட்டது. சூடான, எண்ணெய் மிக்க உணவில் அது மிகுதியாக இறங்குகிறது.

மெலமின் மங்குகளும் நமக்குப் பழக்கமானவை. தாய்வானில் 12 பேரைக்கொண்டு நடத்தி 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மெலமின் மங்கில் சுடச்சுட மீ சூப் உண்டவர்களின் சிறுநீரில், பீங்கான் மங்கில் உண்டபோது இருந்ததைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மெலமின் காணப்பட்டது. அதனால் அவர்கள் நோயுற்றார்கள் என்பது இதன் பொருளன்று. சூடு பட்டால் கலத்திலுள்ளது உடலுக்குள் வந்து சேர்கிறது என்பதே இது மெய்ப்பிக்கும் உண்மை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒருவேளை பிளாஸ்டிக்கில் உணவு உண்டதால் எவரும் நோயாளியாகிவிடுவதில்லை. இறங்கும் அளவு மிகச் சிறிது. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், பல வழிகளில் சேர்வதே கவலைக்குரியது. கருவிலுள்ள சிசுவும் கைக்குழந்தையும் வளரும் பருவத்தில் இருப்பதால், அவர்கள் பொருட்டே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகளும் நடப்பில் உள்ளன. தீங்கு தரும் கலங்களில் உணவை விற்பதை இவ்விதிகள் தடை செய்கின்றன. பி.வி.சி. உணவுக் கலத்தில் வினைல் குளோரைடு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. 2012ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து பாலிகார்பனேட்டால் செய்த குழந்தைப் பால் போத்தல்களுக்கு மலேசியாவில் தடை விதிக்கப்பட்டது. உணவல்லாத பொருளுக்குப் பயன்படும் கலத்தில் உணவை அடைத்து விற்பதும் குற்றமாகும்.

கடையில் விற்கும் பொருளைச் சட்டம் கண்காணிக்கும். நம் அடுப்படியை நாமேதான் கண்காணிக்க வேண்டும்.

தோட்டத்தில் தனிக் கவனம்

வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்துவது நற்பண்பே. ஆயினும் தோட்டப்புறத்தில் இப்பண்பே பெருந்தீங்காக முடியக்கூடிய இடம் ஒன்று உண்டு. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம், பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா, களைக்கொல்லி மருந்துகள் ஆகியவை உறுதியான பிளாஸ்டிக் கலங்களில் வருகின்றன. அக்கலங்கள் காலியானதும், குடிநீர் பிடிக்கவோ அரிசி கொட்டி வைக்கவோ நல்லனவாகத் தோன்றும்.

கலத்திலிருந்து உணவுக்குப் பொருள் இறங்குவதுபோல், முன்பு இருந்த மருந்திலிருந்து கலத்தின் சுவருக்குள்ளும் பொருள் ஊறுகிறது. எத்தனை முறை சோப்பிட்டுக் கழுவினாலும், உள்ளே ஊறியது முற்றாக நீங்காது. வாசனை அகன்றுவிட்டதால் நஞ்சும் அகன்றுவிட்டதென்று கருதுதல் தவறு. பின்னர் ஊற்றும் நீரில் அது சிறிது சிறிதாகத் திரும்பி வரும். எனவே மருந்துக் கலம் எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு வரலாகாது. காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய நீரை மருந்து தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்றி, எவரும் மறுபடி பயன்படுத்த இயலாதவாறு கலத்தைத் துளையிட்டு நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே முறை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தலாகாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இவ்வாறு பானமென்று கருதிப் பருகப்பட்டுப் பல நாடுகளில் உயிர்களைப் பறித்தது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டது. எனினும் மற்ற மருந்துகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

வேலைக்காட்டுக்குச் சூடான தேநீரோ கோப்பியோ கொண்டுசெல்வோர் எவர்சில்வர் பிளாஸ்க்கில் கொண்டுசெல்லலாம். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். குடிநீர் வாங்கிய மெல்லிய போத்தலில் கொதிநீரை ஊற்றலாகாது.

ஒட்டுக்கடைக்குச் செல்லும்போது தூக்குப் பாத்திரம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம். பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்துவிட்டால், வீடு வந்ததும் உடனே மங்குக்கு மாற்றிவிடுதல் நன்று.

ஊறுகாய், புளிக்குழம்பு, எண்ணெய்ப் பண்டங்களைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ வைக்க வேண்டும். சாயம், சோப்பு முதலியவை வந்த வாளிகளில் உணவுப் பொருள் எதனையும் வைத்தலாகாது.

ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பராமரிப்போர், பால்மாவைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் சுடுநீர் விட்டுக் கரைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறியபின் போத்தலில் ஊற்றலாம். சுடுநீரைத் தவிர்த்துக் குளிர்ந்த நீரில் கரைத்தல் கூடாது. பால்மாவிலுள்ள கிருமிகளைக் கொல்ல 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு தேவை. கீறல் விழுந்த, மங்கிய போத்தல்களை அகற்றிவிட வேண்டும்.

கலம் வாங்கும்போது அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முக்கோணத்தினுள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் இனத்தைக் கூறுமே தவிர, பாதுகாப்பானது என்று உறுதி கூறாது. 3 பி.வி.சி.; 5 பாலிப்ரோப்பிலீன்; 6 பாலிஸ்டைரீன். இவற்றுள் 5 சூட்டை ஓரளவு நன்கு தாங்கும். கிண்ணமும் முட்கரண்டியும் வரைந்த குறி, அக்கலம் உணவுக்கென்றே செய்யப்பட்டது என்பதைக் காட்டும்.

பிளாஸ்டிக்கை முற்றாகத் துறந்து வாழ்வது இன்று எளிதன்று; அது தேவையும் அன்று. உலர்ந்த பொருளுக்கும் ஆறிய நீருக்கும் உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் ஏற்றதே. சூடானதும், எண்ணெய் மிக்கதும், புளித்ததும், நெடுநாள் இருக்க வேண்டியதும் எவையோ, அவற்றுக்கு எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றை நாடுவோம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றனர் முன்னோர். பாத்திரம் அறிந்து உணவிடுவது நம் மக்களின் நலத்துக்கு நாம் செய்யும் கடமையாகும்.