நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியும் உணவும்: விலக்குப் பட்டியலின் எல்லைகள்

முன்னுரை

நோய்த்தொற்றோ பிற வெளிப்படைக் காரணமோ இல்லாதிருந்தும், சிறுநீர்ப்பை வலியும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நிலை ‘சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகுதி’ எனப்படுகிறது. ‘இடைத்திசுச் சிறுநீர்ப்பை அழற்சி’ என்பது இதன் பழைய பெயர். புளிப்பு, காரம், காப்பி ஆகியவற்றை விலக்குமாறு இந்நோயாளர்க்கு அறிவுறுத்துவது வழக்கம். அவ்வறிவுரையின் அடிப்படையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உணவும் வலியும்

2007இல் அமெரிக்காவில் வெளிவந்த வினாநிரல் ஆய்வொன்றில், நோயாளருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் சில உணவுகள் தம் வலியை மிகுவிப்பதாகக் கூறினர். காப்பி, தேநீர், மது, காற்றூட்டிய பானங்கள், எலுமிச்சை இனப் பழங்கள், செயற்கை இனிப்பூட்டிகள், மிளகாய் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. எனினும், நினைவிலிருந்து கூறப்படும் விடைகள் தொடர்பைச் சுட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவமாட்டா.

அமிலம் குறித்த கருத்து

புளிப்புணவு சிறுநீரை அமிலமாக்கி வலியைத் தூண்டுகிறது என்று கருதுவது இயல்பு. ஆனால் எலுமிச்சையிலுள்ள சிட்ரேட்டு, உடலில் பைகார்பனேட்டாக மாறிச் சிறுநீரின் காரத்தன்மையையே உயர்த்துகிறது. மேலும், அமிலநீர்மத்தையும் அமிலமற்ற நீர்மத்தையும் நோயாளரின் சிறுநீர்ப்பையுள் மாற்றி மாற்றிச் செலுத்திய 2005ஆம் ஆண்டு இரட்டை மறைப்பு ஆய்வில், வலியளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, அமிலத்தன்மை ஒன்றையே காரணமாகக் கொள்ள இயலாது. சிறுநீர்ப்பையின் உட்பூச்சு சிதைந்து பொட்டாசியம் ஊடுருவுதல், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு ஆகியன பிற கருதுகோள்களாக முன்வைக்கப்படுகின்றன.

நீக்கலும் மீட்டலும்

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுநெறி, உணவு நீக்கல் முறையை மருந்தில்லா நடவடிக்கைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. ஐயத்திற்குரிய உணவுகளைச் சில வாரங்கள் நீக்கி, பின்னர் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, வலியின் அளவை நாட்குறிப்பில் பதிவதே இம்முறை. எவ்வுணவு ஒவ்வாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுதலின், பட்டியல் தொடக்கப்புள்ளியே அன்றி முடிவன்று.

தமிழர் உணவில் இம்முறையைக் கையாளும்போது ஒரு சிக்கல் எழுகிறது. காப்பியைத் தனியே நீக்கிப் பார்ப்பது எளிது. குழம்பிலோ புளியும் தக்காளியும் மிளகாயும் ஒருங்கே கலந்துள்ளன. குழம்பு உண்டபின் வலி மிகுந்தால் எப்பொருள் காரணம் என்பது விளங்காது. ஆகவே, இவை சேராத பருப்புச்சோற்றில் தொடங்கி, ஒருமுறைக்கு ஒரு பொருளை மட்டும் சேர்த்துச் சோதித்தல் பொருந்தும்.

முடிவுரை

பட்டியலிலுள்ள அனைத்தையும் நிலையாக விலக்குவோர்க்கு ஊட்டக்குறை நேரலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்க அஞ்சி நீர் அருந்துவதைக் குறைப்போரிடம் சிறுநீர் செறிவுற்று எரிச்சல் மிகவும் கூடும். தொற்று இல்லையென மருத்துவர் உறுதிசெய்த பின், தமக்கு ஒவ்வாதது எதுவெனச் சோதித்தறிந்து அதனை மட்டும் விலக்குதலே தக்கது. விலக்கத் தேவையற்றவற்றை உணவில் மீட்டுக்கொள்வதும் இம்முறையின் பயனேயாகும்.