ரெட்டை றெக்கை விமானம் முதல் ட்ரோன் வரை

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களில் இப்போது ட்ரோன் பேச்சுதான். "ஆள் கிடைக்கல, ட்ரோன் வந்தா ஏக்கருக்குப் பத்து நிமிஷம்தான்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால், பக்கத்து வயலில் நஞ்சில்லாமல் நெல் போட்டிருப்பவர் என்ன செய்வார்? இதற்கு விடை தேட நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1921 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர். கட்டால்பா மரத்தோப்பு ஒன்றைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. முதல் உலகப்போர்க் காலத்து கர்டிஸ் 'ஜென்னி' என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் பக்கவாட்டில் ஒரு தகரப்பெட்டியை மாட்டினார்கள். ஜான் மெக்ரெடி விமானத்தை ஓட்டினார். பெட்டியை வடிவமைத்த எட்டியென் டோர்மாய் கைப்பிடியைச் சுற்ற, ஈய ஆர்சனேட் தூள் தோப்பின் மேல் கொட்டியது. புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வானிலிருந்து நஞ்சு தூவியது அதுவே முதல்முறை.

அடுத்த ஆண்டே லூசியானாவில் பருத்திக் காய் வண்டுக்கு எதிராக இதே சோதனை நடந்தது. பிறகு ஹஃப்-டேலண்ட் நிறுவனம், தூள் தூவுவதற்கென்றே ஒரு இரட்டை இறக்கை விமானத்தைக் கட்டியது. அந்தத் தொழிலில் முளைத்ததுதான் இன்றைய டெல்டா விமான நிறுவனம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஸ்டியர்மன் பயிற்சி விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே நஞ்சுத்தொட்டியை வைத்தார்கள். 1957-இல் விவசாயத்துக்கென்றே 'ஆக்-கேட்' பறந்தது. நம் நாட்டிலும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 'பசந்த்' என்ற தெளிப்பு விமானத்தை 1972-இல் பறக்கவிட்டது.

ஏன் இரட்டை இறக்கை? இறக்கைப் பரப்பு அதிகம் என்பதால் மெதுவாக, தாழ்வாகப் பறக்கலாம். சின்ன இடத்தில் இறங்கலாம். விமானம் மாறிக்கொண்டே வந்தது, ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. மேலிருந்து விழும் துளி எங்கே போகும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். துளி எவ்வளவு பொடிசோ, அவ்வளவு தூரம் மிதக்கும். அதற்கு வரப்பு தெரியாது.

இதற்கு நாம் கொடுத்த விலை காசர்கோடு. அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது வருஷத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே கிணறும் ஓடையும் வீடும் இருந்தன. ஊனமாய்ப் பிறந்த பிள்ளைகளைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றம் போனார். தெளிப்பு நின்றது. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது.

காஞ்சிக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தறியில் ஓடும் பட்டும் ஒரு புழு தந்ததுதான். நஞ்சு பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் செத்துப்போகும். கெட்ட புழு, நல்ல புழு என்று நஞ்சு பிரித்துப் பார்க்காது.

சரி, நாம என்ன செய்யலாம்?

• ட்ரோன் வரும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி பக்கத்து வயல்காரரிடமும் ஊராட்சியிலும் கேட்டு வையுங்கள். காற்று அடிக்கும் நேரத்தில் தெளிக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.
• காற்று வரும் பக்கத்து வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, சவுக்கு என்று நெருக்கமாக உயிர்வேலி வையுங்கள்.
• வரப்போர விளைச்சலைத் தனியாக அறுத்துத் தனியாக வையுங்கள். அங்கக மூட்டையில் கலக்காதீர்கள்.
• தெளித்த தேதி, நேரம், காற்றின் திசையை நோட்டில் எழுதுங்கள். சான்றிதழ் ஆய்வுக்கு உதவும்.

ட்ரோன் நமக்கு எதிரி இல்லை. நன்றாக வடிகட்டிய பஞ்சகவ்யத்தையும் அது தெளிக்கும். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.